பைத்தானிலிருந்து இயங்குதளத்தை அழைத்தல்: பாட்டியின் ஒலிப்பதிவுகள் கற்றுத் தந்த பாடம்

முன்னுரை

கணினித் துறையில் பயிலாத மாணவர்கள்கூட இன்று பைத்தான் போன்ற எளிய ஸ்கிரிப்ட் மொழி ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள். நான்கு வரிகளில் ஒரு கோப்புறையைப் பட்டியலிடலாம். பத்து வரிகளில் நூறு கோப்புகளின் பெயரை மாற்றலாம். பெரும்பாலான வேலைகளுக்கு இதுவே போதும். ஆனால், சில நேரங்களில் மொழி தரும் வசதிகள் முடிந்துபோகின்றன. அப்போது, கணினியை உண்மையில் ஆளுகின்ற இயங்குதளத்திடமே நேரடியாகச் சென்று கேட்க வேண்டியுள்ளது. அதை எப்படிச் செய்வது, தமிழ்க் கோப்புகளை வைத்திருப்பவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தாப்பாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. ஆகவே, கணினியை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் கற்றேன். இதைத் தமிழில் விளக்க உட்கார்ந்தபோதுதான் எவற்றைப் புரிந்துகொள்ளாமல் மனனம் செய்து வைத்திருந்தேன் என்பது தெரிந்தது. நிரலை எழுதும்போது இயங்குதளச் செயற்கூறுகளின் பெயர்களை ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். எனினும், இங்கே செயற்கூறுகளின் பெயர்களை ஒலிப்படி தமிழிலேயே தருகிறேன். செயற்கூறு என்பது, பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்து முடித்து, விடையைத் திருப்பித் தரும் நிரல் பகுதி.

தேவை எங்கே வந்தது?

என் பாட்டி தாப்பா வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனையாகிவிட்டது. லயத்து வீடுகள் இருந்த இடத்தை வழி தெரிந்தவர்கள் காட்டினால்தான் உண்டு. 2009ஆம் ஆண்டு இறுதியில் என் மாமா ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை வாங்கி வந்து, பாட்டியையும் அத்தோட்டத்தில் வாழ்ந்த மற்ற முதியவர்களையும் பேச வைத்துப் பதிவு செய்தார். மொத்தம் 37 பதிவுகள். ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவரின் பெயரைத் தமிழிலேயே வைத்தார். எந்த நாளில் யாரிடம் பதிவு செய்தார் என்பதை ஒரு 555 குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தார்.

சில ஆண்டுகள் கழித்து, கோப்புகள் அதிக இடம் பிடிக்கின்றன என்று ஒரு கடையில் கொடுத்து அவற்றை எம்பி3 வடிவத்திற்கு மாற்றினார். அதோடு 37 கோப்புகளும் ஒரே நாளில் பிறந்தவையாகிவிட்டன. மாற்றிய தேதிதான் கணினியில் தெரிந்தது. பேசிய தேதி போய்விட்டது. சென்ற விடுமுறையில் நான் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, குறிப்புப் புத்தகத்தில் உள்ள தேதிகளைக் கோப்புகளுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தேதி வரிசையில் அடுக்கினால் மாமா யாரிடமிருந்து தொடங்கி யாரிடம் முடித்தார் என்பது தெரியும். ஒருவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர் நினைவுபடுத்திக்கொண்டு பேசுகின்ற இடங்கள் பல உண்டு. வரிசை போனால் அந்தப் பேச்சின் பொருளே பாதி போய்விடும்.

விண்டோஸ் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரங்களைக் குறித்து வைக்கிறது. அவை உருவாக்கிய நேரம், கடைசியாகத் திருத்திய நேரம், கடைசியாகத் திறந்த நேரம். பைத்தானில் ‘யூடைம்’ என்ற கட்டளையால் பின்னிரண்டையும் மாற்றலாம். உருவாக்கிய நேரத்தைப் படிக்க வழி உண்டு. எழுத வழி இல்லை. ஆனால், விண்டோசுக்கு அது முடியும். ‘செட்ஃபைல்டைம்’ என்ற செயற்கூறு அதற்காகவே உள்ளது. ஆக, பைத்தானைத் தாண்டி விண்டோசையே அழைக்க வேண்டிய தேவை ஏற்பட்டது.

கிராணியும் துரையும்

பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைகளிலிருந்தே இதற்கு ஓர் உவமை கூறலாம். தோட்டத்தில் ஒருவருக்கு விடுப்போ முன்பணமோ வேண்டுமென்றால் நேராகத் துரையிடம் போக மாட்டார். கிராணியிடம் சொல்வார். கிராணி அதைச் சரியான தாளில், துரைக்குத் தெரிந்த மொழியில் எழுதி எடுத்துச் செல்வார். சொன்னதில் பிழை இருந்தால் அங்கேயே நிறுத்தி, “என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?” என்பார்.

ஸ்கிரிப்ட் மொழி அந்தக் கிராணியைப் போன்றது. நாம் ஒரு கோப்பைத் திற என்று சொன்னால், பெயரை உரிய எழுத்துருவாக்கத்திற்கு மாற்றி, நினைவகத்தில் இடம் ஒதுக்கி, விண்டோஸ் கேட்கும் விவரங்களையெல்லாம் நிரப்பி அனுப்புகிறது. பிழை வந்தால் நமக்குப் புரியும்படி சொல்கிறது. இயங்குதளத்தை நேரடியாக அழைப்பது கிராணியை விட்டுவிட்டுத் துரையின் பங்களாவுக்கே போவதாகும். துரை நாம் கொடுத்த தாளில் உள்ளதை அப்படியே நிறைவேற்றிவிடுவார். நாம் என்ன நினைத்தோம் என்று கேட்க மாட்டார்.

பைத்தானில் இந்த நேர்வழியைத் தருவது ‘சிடைப்ஸ்’ என்ற நிரலகம். தோமஸ் ஹெல்லர் உருவாக்கிய இது, 2006இல் வெளிவந்த பைத்தான் 2.5 பதிப்பிலிருந்து மொழியோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. விண்டோசின் செயற்கூறுகள் டிஎல்எல் எனப்படும் கோப்புகளில் தொகுக்கப்பட்டுள்ளன. கோப்பு தொடர்பானவை ‘கெர்னல்32’இலும், சன்னல், செய்திப்பெட்டி போன்றவை ‘யூசர்32’இலும் உள்ளன. சிடைப்ஸ் அந்த டிஎல்எல்லை ஏற்றி, நாம் கூறும் பெயருள்ள செயற்கூறைத் தேடி, நாம் கொடுக்கும் மதிப்புகளோடு அதை அழைக்கிறது.

முதல் பயிற்சி: ஒரு செய்திப்பெட்டி

கோப்புகளைத் தொடுவதற்கு முன், தீங்கற்ற ஒன்றில் பழகிக்கொள்வது நல்லது. யூசர்32இல் ‘மெசேஜ்பாக்ஸ்’ என்ற செயற்கூறு உள்ளது. அதற்கு நான்கு மதிப்புகள் தேவை: எந்தச் சன்னலுக்கு உரியது (இல்லையெனில் 0), காட்ட வேண்டிய செய்தி, தலைப்பு, பொத்தான் வகை.

தேடிப் பார்த்தால், ‘மெசேஜ்பாக்ஸ்’ என்ற பெயரில் எதுவும் இருக்காது. ‘மெசேஜ்பாக்ஸ்ஏ’, ‘மெசேஜ்பாக்ஸ்டபிள்யூ’ என இரண்டு இருக்கும். எழுத்துகளை வாங்கும் விண்டோஸ் செயற்கூறுகள் பெரும்பாலும் இப்படி இரட்டைப் பிள்ளைகளாகவே உள்ளன. ஏ என்பது பழைய வாசல். அந்தந்த நாட்டுக்கு உரிய குறிப்பக்கத்தின்படி எழுத்துகளை வாங்கும். டபிள்யூ என்பது யூனிகோட் வாசல்.

ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு அப்படியல்ல. ‘தாப்பா’ என்ற சொல்லை டபிள்யூ வாசலில் கொடுத்தால் ‘தாப்பா’ என்றே காட்டும். ஏ வாசலுக்கு, சொல்லைப் பழைய குறிப்பக்கத்திற்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். பைத்தான் முதலில் அம்மாற்றத்தைச் செய்ய மறுக்கும். எப்படியாவது மாற்று என்று வற்புறுத்தினால் ஆறு கேள்விக்குறிகளைத் தரும். மாற்றாமல் அப்படியே கொடுத்தால் பொருளற்ற குறிகள் தோன்றும்.

தாப்பாவுக்கு எத்தனை எழுத்து?

தமிழ்ப்பள்ளியில் கேட்டால் தா, ப், பா என மூன்று எழுத்து என்போம். கேள்விக்குறிகள் ஏன் ஆறு? யூனிகோட் முறையில் அச்சொல்லில் த, கால், ப, புள்ளி, ப, கால் என்று ஆறு குறியெண்கள் உள்ளன. விண்டோஸ் உள்ளே பயன்படுத்தும் யூடிஎஃப்-16 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் 2 பைட். ஆக 12 பைட். லினக்சிலும் இணையத்திலும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆக 18 பைட். ஒரே ஊர்ப்பெயர்தான். மனிதருக்கு 3, யூனிகோடுக்கு 6, விண்டோசுக்கு 12, லினக்சுக்கு 18.

நேரடியாக இயங்குதளத்தை அழைப்பவர் இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, லினக்சில் பொதுவாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியெண்கள் மட்டுமே. பேசியவரின் பெயர், ஊர், பொருள் என எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் பழக்கம் உள்ளவர்கள் ஒருநாள் இவ்வெல்லையில் முட்டிக்கொள்வார்கள்.

தமிழுக்கு ஏ வாசல் ஏன் இல்லை?

தாய், அரபு போன்ற மொழிகளுக்கு விண்டோசில் தனிக் குறிப்பக்கம் உண்டு. தமிழுக்கு, ஏ வாசலில் பயன்படும் அப்படி ஒன்று வழங்கப்படவே இல்லை. 1980களிலும் 1990களிலும் தமிழ் மென்பொருள்கள் வேறு வழியில் சென்றன. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு முதற்கொண்டு, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களே தமிழைத் திரைக்குக் கொண்டுவந்தன. அக்காலத்தில் அது பெரும் சாதனை. ஆனால், இயங்குதளத்துக்கு அது தமிழ் என்று தெரியாது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் விளங்காத ஆங்கிலக் குறிகளே மிஞ்சும். அதிலும் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1997இல் சிங்கப்பூரில் தொடங்கி, 2001இல் கோலாலம்பூரிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் இச்சிக்கலைப் பேசியவையே.

1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தபோது, அது யூனிகோட் வழியாக மட்டுமே வந்தது. ஆகவே, மலேசியாவில் பொதுவாக விற்கும் கணினியில் ஏ வாசல் 1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிப்பக்கத்தையே பார்க்கும். அதில் தமிழுக்கு இடமில்லை, இடமில்லாதவை கேள்விக்குறியாகும். விண்டோசில் கோப்புப் பெயருக்குள் கேள்விக்குறி இருக்கவே கூடாது என்பது இன்னொரு விதி. ஆகவே, ஏ வாசல் வழியாகச் செல்லும் தமிழ்ப் பெயருள்ள கோப்பு, கண்ணுக்கு முன்னால் இருந்தும் திறக்க முடியாததாகிவிடும். 2019இலிருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில், ஏ வாசலையே யூடிஎஃப்-8 முறையில் இயங்கச் செய்ய ஒரு செயலி கேட்டுக்கொள்ளலாம். எனினும், தமிழ்க் கோப்பைத் தொடுபவருக்கு எளிய விதி ஒன்றுதான்: எப்போதும் டபிள்யூ.

நேரத்தை மாற்றும் படிகள்

1. கோப்பைத் திறத்தல். ‘கிரியேட்ஃபைல்டபிள்யூ’ என்ற செயற்கூறை அழைக்க வேண்டும். பெயரில் ‘கிரியேட்’ என்றிருந்தாலும், இருக்கும் கோப்பைத் திறப்பதும் இதன் வேலைதான். இதற்கு ஏழு மதிப்புகள். முதலாவது கோப்பின் பெயர். இரண்டாவது எதற்காகத் திறக்கிறோம் என்பது. பண்புகளை மட்டும் மாற்ற 256 போதும். ஐந்தாவது மதிப்பைப் பற்றிக் கீழே தனியாகக் கூறுகிறேன்.

2. கைப்பிடியைப் பெறுதல். வெற்றி கிடைத்தால் விண்டோஸ் ஓர் எண்ணைத் தரும். அதைக் கைப்பிடி என்பர். இதன் பிறகு கோப்பின் பெயர் தேவையில்லை. கைப்பிடியைக் காட்டினால் போதும். செயற்கூறு என்ன வகை மதிப்பைத் திருப்பித் தரும் என்று நாம் கூறாவிட்டால், அது 32 பிட் முழு எண் என்றே சிடைப்ஸ் கருதிக்கொள்ளும். இன்றைய 64 பிட் விண்டோசில் கைப்பிடியின் அகலம் 64 பிட். எனவே, உள்ளே போகும் மதிப்புகளின் வகையையும் வெளியே வரும் மதிப்பின் வகையையும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.

3. நேரத்தைக் கணக்கிடுதல். பைத்தான் 1970 சனவரி 1 முதல் விநாடிகளை எண்ணுகிறது. விண்டோஸ் 1601 சனவரி 1 முதல் எண்ணுகிறது. அதுவும் ஒரு விநாடியை ஒரு கோடியாகப் பிரித்து எண்ணுகிறது. ஆகவே, பைத்தான் தரும் விநாடிகளோடு 11,644,473,600ஐக் கூட்டி, ஒரு கோடியால் பெருக்க வேண்டும். இரண்டும் உலகப் பொது நேரத்தில் உள்ளவை. நம் நேரத்திலிருந்து 8 மணி நேரத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. மறந்தால், மாலை ஐந்து மணிக்குப் பேசியவர் மறுநாள் அதிகாலை ஒரு மணிக்குப் பேசியதாகிவிடும்.

4. நேரத்தை எழுதுதல். ‘செட்ஃபைல்டைம்’ நான்கு மதிப்புகளைக் கேட்கும்: கைப்பிடி, பிறகு மூன்று நேரங்கள். மாற்ற விரும்பாத நேரத்துக்கு வெற்று மதிப்பைக் கொடுத்தால் அது தொடப்படாது.

5. விடையைச் சோதித்தல். தோல்வியுற்றால் பைத்தான் தானாகச் சத்தம் போடாது. ‘கிரியேட்ஃபைல்டபிள்யூ’ -1 என்றும் ‘செட்ஃபைல்டைம்’ 0 என்றும் திருப்பித் தரும். நாம்தான் பார்க்க வேண்டும். காரணத்தை ‘கெட்லாஸ்ட்எரர்’ வழியாக அறியலாம். 2 என்றால் கோப்பு இல்லை. 5 என்றால் அனுமதி இல்லை. 32 என்றால் வேறொரு செயலி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 123 என்றால் பெயரே தவறு.

6. கைப்பிடியை மூடுதல். ‘குளோஸ்ஹேண்டில்’ அழைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால், நிரல் முடியும் வரை அது திறந்தே கிடக்கும்.

ஐந்தாவது மதிப்பு

கிரியேட்ஃபைலின் ஐந்தாவது மதிப்பு, அப்பெயரில் கோப்பு இருந்தால் என்ன செய்வது, இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதைக் கூறுகிறது. 1 என்றால் புதிதாக உருவாக்கு. ஏற்கெனவே இருந்தால் தோல்வி. 2 என்றால் எப்போதும் புதிதாக உருவாக்கு. இருந்தால் அதைக் காலியாக்கிவிடு. 3 என்றால் இருப்பதை மட்டும் திற. 4 என்றால் இருந்தால் திற, இல்லாவிட்டால் உருவாக்கு. 5 என்றால் இருப்பதைத் திறந்து காலியாக்கு.

நான் 3 என்று எழுத வேண்டிய இடத்தில் 2 என்று எழுதினேன்.

37 கோப்புகளையும் ஒரே சுற்றில் ஓட்டாமல், ஒரு கோப்பில் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அறிவு இருந்தது. ஆனால், அந்த ஒன்றை நகலில் சோதிக்கும் அறிவு இல்லை. தட்டச்சு செய்ய எளிதாக, பெயர் சிறியதாக உள்ள கோப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பெயர் ‘பாட்டி’.

நிரல் எந்தப் பிழையும் இல்லாமல் ஓடி முடிந்தது. உருவாக்கிய நேரம் 2009 டிசம்பர் என்று சரியாகவே மாறியிருந்தது. மகிழ்ச்சியோடு அதை ஒலிக்கவிட்டேன், சத்தம் வரவில்லை. பிறகுதான் கோப்பின் அளவைப் பார்த்தேன். 0 பைட். நான் அழிக்கச் சொல்லவில்லை என்பதால் குப்பைத்தொட்டியிலும் அது இல்லை. மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினேன், பயனில்லை. பாட்டி 2021இல் காலமாகிவிட்டார். இனிமேல் கேட்டுப் பதிவு செய்துகொள்ள முடியாது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு நாள் முழுவதும் சும்மா இருந்தேன். சொன்னதும் அவர் அலமாரியைக் கிளறி, பழைய குறுவட்டு ஒன்றை எடுத்தார். அதில் மூலப் பதிவு இருந்தது; ஆனால், வட்டில் கீறல். 34 நிமிடப் பதிவில் 12ஆம் நிமிடம் வரைதான் படிக்க முடிந்தது. பாட்டி லயத்தில் ஒவ்வொரு வீடாக, இன்னார் வீடு, அடுத்து இன்னார் வீடு என்று சொல்லிக்கொண்டே வருகிறார். ஆறாவது வீட்டில் நின்றுவிடுகிறது.

“போனது போச்சும்மா. இருக்கறத ஒழுங்கா எழுதி வை” என்றார் மாமா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தவறு யாருடையது என்று பிறகு யோசித்தேன். விண்டோஸ் தவறு செய்யவில்லை. 2 என்றால் என்ன பொருளோ அதையே செய்தது. பைத்தானிலும் ஒரு கோப்பைக் காலியாக்க முடியும். ஆனால், அங்கே எழுதுவதற்காகத் திற என்று எழுத்தால் குறிப்பிட வேண்டும்; தேதியை மாற்றும் கட்டளைக்கோ கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடும் வழியே இல்லை. இங்கே அழிப்பதற்கும் திறப்பதற்கும் இடையே இருந்தது ஓர் எண்தான். மொழி நமக்காகச் செய்துகொண்டிருந்த காவல் எவ்வளவு என்பது, அதை விட்டு வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது.

நேர்வழியில் செல்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவது, எப்போதும் நகலில் மட்டுமே சோதிக்க வேண்டும். மூலக் கோப்புகள் வேறொரு வட்டில், கணினியோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, வெறும் எண்களை நிரலில் எழுதக் கூடாது. 3 என்று எழுதுவதற்குப் பதில் ‘இருப்பதைத்_திற’ என்று ஒரு பெயர் வைத்து, அதற்கு 3 என்ற மதிப்பைக் கொடுக்கலாம். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. நான் அப்படி எழுதியிருந்தால், அந்த வரியை வாசிக்கும்போதே கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது, செயற்கூறின் அறிவிப்பை மைக்ரோசாப்டின் ஆவணத்தில் முழுமையாக வாசித்த பிறகே அழைக்க வேண்டும். ஏழு மதிப்புகள் என்றால் ஏழையும் நம் சொற்களில் விளக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

நான்காவது, வேலை முடிந்த பிறகு நாம் மாற்ற நினைத்ததை மட்டும் பார்க்கக் கூடாது. மாறக் கூடாதது மாறியதா என்றும் பார்க்க வேண்டும். என் நிரல் இப்போது ஒவ்வொரு கோப்பின் அளவையும் முன்னும் பின்னும் ஒப்பிடுகிறது. வேறுபட்டால் அங்கேயே நிற்கிறது.

ஐந்தாவது, நேர்வழி உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை நான் கடைசியில்தான் கேட்டேன். உருவாக்கிய நேரத்தை எவ்வளவு பாடுபட்டு எழுதினாலும், அக்கோப்பை யாராவது வேறு வட்டுக்குச் சாதாரணமாக நகலெடுத்தால், நகலெடுத்த நேரமே மறுபடியும் உருவாக்கிய நேரமாகிவிடும். லினக்சிலோ அதை மாற்றுவதற்கென்று ஓர் அழைப்பே இல்லை. இவ்வளவு நிலையற்ற இடத்தில் ஒரு குடும்பத்தின் நினைவை எழுதி வைப்பது அறிவுடைமை ஆகாது.

முடிவுரை

மற்ற 36 கோப்புகளுக்கும் தேதியை மாற்றி முடித்தேன். இம்முறை நகலில் சோதித்துவிட்டு. அதோடு, அதே கோப்புறையில் ஓர் எளிய உரைக்கோப்பையும் வைத்தேன். யார் பேசினார், எந்த நாளில், எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்று யூடிஎஃப்-8 தமிழில் 37 வரிகள். எந்த இயங்குதளத்திலும் அது திறக்கும். 555 புத்தகத்தில் மாமா செய்த வேலையும் அதுதான்.

பாட்டியின் வரியில் மட்டும் ‘12 நிமிடம், ஆறு வீடுகள்’ என்று இருக்கிறது. அத்தோட்டத்தில் பிறந்த உறவினர் இருவர் இன்னும் தாப்பாவில் இருக்கிறார்கள். வார இறுதிகளில் வீட்டுக்குப் போகும்போது அவர்களிடம் கேட்டு, ஏழாவது வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினோராவது வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஒன்பதாவது வீட்டில் யார் இருந்தார் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பாட்டி அதைச் சொல்லியிருந்தார்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட ஒலிப்பதிவுகளும் படங்களும் தமிழ்ப் பெயர்களோடு ஒரு பழைய கணினியில் இருக்கக்கூடும். அவற்றை ஒழுங்குபடுத்த ஸ்கிரிப்ட் மொழி நல்ல கருவி. தேவைப்பட்டால் இயங்குதளத்தை நேரடியாக அழைக்கவும் தயங்க வேண்டாம். கற்றுக்கொள்ள முடியாத கலை அன்று அது. ஆனால், அழைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.